கீழே போய் மேலே வந்த சோறு

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: சேகர் அண்ணாச்சி மத்தியானச் சோற்றை முழுசாகத் தின்ன மாட்டார். அந்தச் சேகர் நான்தான். ஓய்வு பெறும் வரை துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை எனக்கு. கேரியரில் ஒரு பிடி மிச்சம் வைத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளை யாருக்காவது ஊட்டிய பிறகுதான் கைகால் கழுவுவேன். “என்ன அண்ணாச்சி இது?” என்று கேட்டவர்களிடமெல்லாம், “கோலார் தங்கவயல் பழக்கம்” என்று பெருமையாகச் சொன்னேன். தலைக்கு மேல் கிரேன் கொக்கி ஆடுகிற இடத்தில் நிற்பவர்களுக்கு இந்த மாதிரிப் பழக்கம் சீக்கிரம் பிடித்துப்போகும். நான் ஓய்வு பெற்றபோது எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் ஒரு பிடி மிச்சம் வைக்கிறவர்களாகிவிட்டார்கள்.

அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்த மகராசியைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கம். சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் தட்டி வைத்துக் கட்டிய குடிசை எங்களுடையது. என் நைனா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பு எரியாத நாள்தான் அதிகம். ஆனால் அம்மா யாரிடமும் ஒரு கிண்ணம் கஞ்சி வாங்க மாட்டாள். பக்கத்து லைனில் இருந்தவர் கன்னியம்மா அத்தை. அவர் வீட்டுக்காரர் முனுசாமி மாமா சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். இரும்புக் கூண்டில் நின்று பூமிக்குக் கீழே இறங்குவார்கள். அதற்குப் பெயர் கேஜ்.

ஒருநாள் அத்தை மாமாவின் கேரியரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மாவிடம் சொன்னார்: “இது கேஜ் சோறு. கேஜ்ல கீழ போயி மேல வந்தது. பூமித்தாய் தொட்டது. இத சொந்த வீட்டு மனுசங்க துன்னக்கூடாது, அடுத்த வீட்டுப் புள்ள துன்னணும். அப்பத்தான் கீழ போனவரு நாளைக்கும் மேல வருவாரு. நீ வேணாம்னு சொல்லிடாத, என் தாலி சமாச்சாரம்.”

அம்மா எப்படி மறுப்பாள்? அன்றிலிருந்து தினமும் கேஜ் சோறு வந்தது. நான் பிச்சைச் சோறு தின்கிற பிள்ளையாக வளரவில்லை. முனுசாமி மாமாவின் உயிரைக் காப்பாற்றுகிற பிள்ளையாக வளர்ந்தேன். வயிறு சரியில்லாத நாளில்கூட, நான் தின்னாவிட்டால் மாமா மேலே வரமாட்டாரே என்று அழுதுகொண்டே தின்றிருக்கிறேன். பிறகு என் தாய்மாமன் எங்களைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தார். பிழைப்பு, கல்யாணம், பிள்ளை என்று காலம் ஓடிவிட்டது. அம்மா கண் மூடுகிற வரைக்கும், “கன்னியம்மாளுக்கு ஏதாவது செய்யிடா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முருகா, உடம்பில் தெம்பு இருக்கும்போதே என்னைக் கொண்டுபோய்ச் சேர் என்று திருச்செந்தூரில் வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

எந்த வண்டி, எங்கே மாறினோம் என்ற கதையெல்லாம் வேண்டாம். என் மனைவி செல்வியும் கூட வந்தாள். அவள் மடியில் ஒரு போர்வை. எங்கள் மகன் கதிர்வேல் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அவளுக்காக வாங்கிவந்த கம்பளிப் போர்வை அது. நீல நிறம், ஓரத்தில் வெள்ளைக் கரை. தூத்துக்குடி வெக்கையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அவன் கடலுக்குப் போன பிறகு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். “கோலார்ல குளிரும்னு சொன்னீங்கல்லா” என்று அதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

பங்காருபேட்டையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கினோம். இந்த ஊர்ப் பானிபூரியைப் பற்றி ரயிலிலேயே ஒருவர் அரைமணி நேரம் பேசியிருந்தார். தள்ளுவண்டிக்காரர் கொடுத்த பூரியில் இருந்த தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவு. நம் ஊரில் பச்சையாகத்தானே இருக்கும்?

“என்னங்க, ஏமாத்துதான். குழாய்த் தண்ணிய ஊத்தித் தாரான்” என்றாள் செல்வி. அடுத்த நொடி வாயில் போட்டாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. தள்ளுவண்டிக்காரர் சிரித்துக்கொண்டே, “அம்மா, கொழாத் தண்ணி எப்டி கீது?” என்றார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தட்டுக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் காலையில் மாரிக்குப்பம் போகிற வண்டியில் ஏறினோம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் எதிர்த்திசையில் போய்விட்டதால் இங்கே உட்கார இடம் கிடைத்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே வந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு மேடு தெரிந்தது. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. சயனைடு மேடு என்போம். “இதுதான்! இதுதான் எங்க மேடு! இறங்கு, இறங்கு!” என்று கத்தினேன். பையைத் தூக்கிக்கொண்டு குதிக்காத குறையாக இறங்கினோம். வண்டி போய்விட்டது.

பெயர்ப் பலகையைப் பார்த்தால் கோரமண்டல். நான் இறங்க வேண்டியது இன்னும் தள்ளி. அதன் பிறகு பார்க்கிறேன், போகிற வழியெல்லாம் அதேபோல் மேடுகள்.

“உங்க மேடு, உங்க மேடுன்னீங்க. எல்லா மேடும் உங்க மேடா?” என்றாள் செல்வி. பிறகு அந்த மேட்டை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் உப்பளத்துக்காரர் மகள். “எங்க அப்பா குமிச்ச உப்பு மாதிரிதான் இருக்கு. என்ன, வெளுக்கப் போடாம விட்டுட்டாவ” என்றாள்.

ஒரு ஆட்டோ கிடைத்தது. ஓட்டுநர் எங்களிடம் தமிழ் பேசினார், போனில் கன்னடம் பேசினார், குறுக்கே வந்த தக்காளி வண்டிக்காரரைத் தெலுங்கில் திட்டினார். “ஒரு வாய்க்குள்ள மூணு பேரு குடியிருக்காவ” என்று செல்வி என் காதில் சொன்னாள். ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் நெரிசல். செல்வி பூவும் பழமும் வாங்கினாள். பிறகு ஆட்டோ நின்றே விட்டது. “கேஸ் காலி சார், ரெண்டு நிமிசம்” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வருகிற வழியாகத் தெரியவில்லை. நாங்கள் எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

அங்கே கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் துரைசாமி. சுரங்கத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவராம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நம் ஊர்க்காரர், நம் பழக்கம் தெரிந்தவர்!

“ஐயா, இப்பவும் இங்க யாராவது கேஜ் சோறு குடுக்குறாங்களா?” என்றேன்.

“இன்னா சோறு?”

“கேஜ் சோறு. கீழே போய் மேலே வந்த சோறு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பாங்களே.”

அவர் டீக்கடைக்காரரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “நாலு ஷாஃப்ட்டுக் குழியில இறங்கிக்கீறேன் சார்” என்றார் துரைசாமி. “கேஜ்ல மனுசன் போவான், கல்லு வரும். சோறு போயி வந்து நான் கேட்டதே இல்ல. பசியில கீழயே வழிச்சித் துன்னுட்டு, இன்னும் கீதான்னு பக்கத்து ஆளு டப்பாவ எட்டிப் பாப்போம். மிச்சம் வெக்கிறதாம் மிச்சம்!”

கடையே சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. “இது கோலார் பழக்கம் ஐயா! எங்க ஊர்ல ஷெட்டே செய்யுது!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“கோலார்ல இல்லாத கோலார் பழக்கமா? யாரு சார் உனக்குச் சொன்னது?”

“சாம்பியன்ல கன்னியம்மா அத்தை. முனுசாமி மாமா சம்சாரம்.”

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார். “அட, கன்னிம்மாவா! அத மொதல்லயே சொல்றதில்ல? அந்தம்மா வாயில வர்றதுதான் சட்டம். இதுவும் சொல்லிருக்கும், இன்னமும் சொல்லிருக்கும். ஏந்திரு, நானே காட்றேன்.”

அத்தை உயிரோடு இருக்கிறார்! அந்த ஒரு சந்தோஷத்தில் சிரிப்பெல்லாம் மறந்துபோனது. திரும்பி வந்த ஆட்டோவில் துரைசாமியும் முன்னால் தொற்றிக்கொண்டார். வழியில் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னா வாங்கினு வந்துக்கீறீங்களோ தெரியாது. ஆனா அது யாராண்டயும் கை நீட்டாது. சங்கத்துல பெரியவங்களுக்கெல்லாம் கம்பளி குடுத்தாங்க. ‘குளுருதுன்னு நான் உங்களாண்ட சொன்னனா?’ன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துடுச்சு.”

செல்வி என்னைப் பார்த்தாள். எங்கள் பைக்குள் பட்டுக்கரைச் சேலை, மக்ரூன் டப்பா, பழம். இவ்வளவு தூரம் வந்து, அம்மா சொன்னதைச் செய்யாமல் வெறுங்கையோடு திரும்புவதா?

அதே லைன், ஓரத்து வீடு. வாசலில் வெயில் காய்ந்துகொண்டு ஒரு மெலிந்த உருவம் உட்கார்ந்திருந்தது. சேலைக்கு மேலே ஆண்பிள்ளை கோட்டு ஒன்று போட்டிருந்தார். காக்கி நிறம், முழங்கையில் கிழிசல். அது மாமாவின் ஷிஃப்ட் கோட்டு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“கன்னிம்மா, உன் கேஜ் சோறு துன்ன ஆளு வந்துக்கீறான் பாரு!” என்று துரைசாமி கத்தினார்.

அத்தை கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். நான் காலில் விழுந்தேன். “அத்தே, நான் சேகரு. தட்டி வீட்டு சேகரு.”

“டேய்! வாயில பருக்கை ஒட்டிக்கினு ஓடுவியே, அந்த சேகரா? தலையெல்லாம் எங்கடா போச்சு?” என்று என் வழுக்கையைத் தடவினார். அழுவதற்கு வந்த நான் சிரித்துவிட்டேன்.

மகள் மல்லிகா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பதாகவும், இருட்டிய பிறகுதான் ரயிலில் வருவாள் என்றும் சொல்லிக்கொண்டே அத்தை அடுப்பில் உலையை ஏற்றினார். செல்வி உதவப் போனதற்கு, “உக்காரு, வந்த வீட்டுல வேலை செய்யாத” என்று அதட்டு விழுந்தது. கேழ்வரகுக் களியும் கீரையும். களியை மெல்லாமல் முழுங்க வேண்டும் என்று செல்விக்குச் செய்து காட்டினார். மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத செல்வி இரண்டு உருண்டை முழுங்கினாள்.

கை கழுவியதும் நான் பையைத் திறந்தேன். சேலையை எடுத்தேன். “உம் பொண்டாட்டிக்கு நல்லா இருக்கும்” என்று தள்ளிவிட்டார். மக்ரூன்? “எனக்கு ஏது பல்லு?” பழம்? “தொரைசாமிக்குக் குடு, அவன்தான் பாத்துக்கினே கீறான்.” கூரையில் ஓடு உடைந்திருந்தது, ஆள் வைத்து மாற்றித் தருகிறேன் என்றேன். “மழை வந்தா நான் தள்ளி உக்காந்துப்பேன்.” ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியை நீட்டினேன். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, நெற்றியில் பூசிக்கொண்டார். “சாமி குடுக்கறத வேணாம்னு சொல்லக்கூடாது” என்றார்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அத்தே, கேஜ் சோறு நிஜமா? இவரு அப்படி ஒண்ணே இல்லேங்குறாரு.”

அத்தை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

“உங்கம்மா இன்னா மாதிரி பொம்பள! கிண்ணத்துல குடுத்தா கிண்ணத்தோட திருப்பி அனுப்புவா. நீ எங்க வாசல்ல நின்னு எங்க வீட்டுப் புகைய மோந்துக்கினு கீற. எனக்குச் சோறு எறங்கல. அன்னிக்கு உங்க மாமா ஷிஃப்ட் முடிஞ்சி வந்து கேரியர வெச்சாரு. அன்னிக்கு அதுல ஒரு பிடி மிச்சம் இருந்துச்சி, அதப் பாத்தேன். பூமித்தாயி, தாலி, அடுத்த வீட்டுப் புள்ள, எல்லாம் அப்பிடியே வாயில வந்துச்சி.”

“அப்போ எல்லாம் கட்டுக்கதையா அத்தே?”

“டேய், பாதிதான்! நான் சாமி பேர்ல சொல்லிட்டேனே, அப்புறம் அது கீழ போயித்தான வரணும்? மறுநாள்லருந்து உன் பங்கையும் சேத்துக் கட்டிக் குடுத்தேன். உங்க மாமா கத்துவாரு. ‘இத நான் எதுக்குடி பூமிக்கு அடியில தூக்கினு போயி, துன்னாம மேல தூக்கினு வரணும்? இங்கருந்தே குடுத்துடேன்’ம்பாரு. ‘சொன்னா சொன்னதுதான், எடுத்துக்கினு போ’ம்பேன். ஒருநாளும் உனக்குப் பொய்ச்சோறு போட்டதில்லடா. ஒவ்வொரு பருக்கையும் கேஜ்ல போயி வந்ததுதான்.”

செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ அத்த! இவங்க கொக்கிக்குக் கீழ நிக்காங்களேன்னு பயந்து, காய்ச்சல் கண்டாலும் எந்திரிச்சு அந்த ஒரு பிடியச் சேர்த்துக் கட்டிக் குடுத்தேனே!” அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துரைசாமி வாழைப்பழத்தோடு விக்கினார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காலமெல்லாம் சாமி காரியம் என்று செய்தது அத்தையின் வாயில் வந்த ஒரு சொல்தானா?

அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார். “கேளுடா. நீங்க தூத்துக்குடிக்குப் போய்ட்டீங்க. அன்னிக்கு மாமா கேரியர்ல உன் பங்கு இல்லாம கட்டினேன். அவரு போனாரு. எனக்கு இங்க ஒக்கார முடியல, நிக்க முடியல. நானே கட்டுன கதைன்னு தெரியும். ஆனா நிறுத்தத் தைரியம் வரல. மறுநாளே பின் லைன்ல ஒரு புள்ளயத் தேடிப் புடிச்சிட்டேன். மாமா வேலைய விட்ற வரைக்கும் நிறுத்தல. மனுசன் ஒரு கீறல் இல்லாம வந்தாரு. வயசாகி, இந்தக் கட்டில்லதான் தூக்கத்துல போனாரு. நீ துன்னது வீண் போவல சேகரு.”

என் மனம் குளிர்ந்துவிட்டது. சாமியே வந்து சொல்லியிருந்தாலும் இதைத்தானே சொல்லியிருக்கும்? பசித்த பிள்ளைக்குப் போடு, உன் வீட்டு ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே! அந்தச் சமயம் அத்தையின் வாய் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கிளம்பும் நேரம் வந்தது. வெளியில் காற்று சில்லென்று திரும்பியிருந்தது. அத்தை கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். கிழிசல் வழியாக முழங்கை தெரிந்தது. நான் இன்னும் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை.

அப்போது செல்வி தன் போர்வையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள்.

“இன்னாது இது? வேணாம், எடு.”

“அத்த, நான் உங்களுக்குத் தரல. இது கப்பல்ல போயிட்டு வந்த போர்வை. எம் மகன் கடல்ல இருக்கான். கடல் தாண்டி வந்ததைச் சொந்த வீட்டு ஆளு போத்தக்கூடாது. அடுத்த வீட்டுப் பெரியவங்கதான் போத்தணும். அப்பத்தான் போன பிள்ளை கரைக்கு வருவான். எங்க தூத்துக்குடிப் பழக்கம்.”

அப்படி ஒரு பழக்கத்தைத் தூத்துக்குடியில் நான் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தேன். செல்வி என் காலை மிதித்தாள்.

அத்தை போர்வையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்போ நீ இன்னாத்துக்குப் போத்திக்கினு வந்த?”

“போத்திக்கிட்டா வந்தேன்? சுமந்துட்டு வந்தேன் அத்த.”

“எத்தினி நாளா இந்தப் பழக்கம்?”

“உங்க பழக்கம் எத்தனை நாளோ, அத்தனை நாள்தான்.”

துரைசாமி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அத்தை போர்வையின் வெள்ளைக் கரையை விரலால் தடவினார். பிறகு கேட்டார்: “புள்ள பேரு இன்னா?”

“கதிர்வேல்.”

“கதிரு” என்று சொல்லிப் பார்த்துவிட்டு, போர்வையைப் பிரித்து, கோட்டுக்கு மேலேயே போர்த்திக்கொண்டார். “கெட்டிக்காரிடி நீ. என் சட்டத்த எனக்கே திருப்பிட்டியே!” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். மறுநாள் ரயிலில் தின்ன புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நான் சந்தோஷத்தில் எதிர்ச்சீட்டுக்காரரிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதைச் செய்தாயிற்று! செல்வி மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானமாகியும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. போர்வை போய்விட்ட வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“என்னங்க” என்றாள் கடைசியில். “அத்த அதைப் போத்துவாங்களா? மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிர மாட்டாங்கல்லா?”

“வெச்சா என்ன? கொடுத்தாச்சே.”

“வச்சா என்னவா? பிள்ளை கடல்ல இருக்கான்லா! அத்தகிட்ட நம்பர் வாங்கினீங்கல்லா, மல்லிகாவுக்குப் போன் போடுங்க.”

“ஏய், அது நீயா கட்டுன கதை!”

“தெரியும். போடுங்க.”

போட்டேன். மல்லிகா எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்தப் பக்கமிருந்து வந்த குரல் ரயில் சத்தத்தையும் மீறி எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

“சொல்லுடா உன் பொண்டாட்டிகிட்ட. ராத்திரியும் போத்திக்கினேன், இப்பவும் போத்திக்கினுதான் கீறேன். உச்சி வெயிலு, வேத்து ஊத்துது. மல்லிகா எடும்மா, எடும்மான்னு கத்துறா. எடுக்க மாட்டேன். புள்ள கரைக்கு வந்துட்டான்னு சொல்லு, அப்ப எடுக்கறேன்.”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ சரி” என்று புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.